மெதோவுக்குக் காற்று அடித்த வாரம்

எங்கள் கட்டடத்தில் நாய்களை சார், மேடம் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் ஸ்பாசாக்கா. முழுப்பெயர் ஸ்பாசெனியா. வயது அறுபத்தொன்று, மூன்றாம் மாடி, இடதுபக்க வீடு. எங்கள் ஊர் பான்செவோவில் ஆற்றங்கரை ஓட்டலில் இருபத்தேழு வருஷம் படுக்கைவிரிப்பு தேய்த்தவள். யாரோ அந்த ஓட்டலை வாங்கி இழுத்து மூடிவிட்டார்கள். விருந்தாளிகள் போய்விட்டார்கள், மரியாதை மட்டும் நாக்கில் மிச்சம் இருந்தது. அதை நாய்களுக்குக் கொடுத்தாள். எங்களுக்கெல்லாம் வெறும் பெயர்தான்.

கல்யாணமும் பண்ணிப் பார்த்தாள். சரக்குப் படகில் வேலை செய்கிறவன். பதினோராவது மாதம் அவன் துணியெல்லாம் துவைத்து, தேய்த்து, மடித்து, பெட்டியில் அடுக்கி, பெட்டியையும் அவனையும் அவன் அம்மா வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டால், "தேய்ச்ச சட்டையத் தரையில போடுவான்" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அந்தக் காரணம் போதும். என் வீட்டிலும் போரிஷா என்று ஒரு கணவர் இருக்கிறார்.

கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு துணி துவைக்கும் அறை உண்டு. பெரிய சிமெண்டுத் தொட்டி, இரண்டு குழாய், தரையில் தண்ணீர் போக ஓட்டை. வீட்டுக்கு வீடு மெஷின் வந்தபிறகு அங்கே யாரும் துவைப்பதில்லை. குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறுகிற பீப்பாய்களும் டயர் இல்லாத சைக்கிள்களும்தான் கிடந்தன. நாலு வருஷத்துக்கு முன்னால் மொட்டைமாடிக்குத் தார் பூசியபோது தபால்காரியின் நாய் தார் வாளிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. முடியை மொத்தமாக மழிக்க வேண்டியதுதான் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஸ்பாசாக்கா ஒரு பாட்டில் சூரியகாந்தி எண்ணெயோடு இறங்கி வந்தாள். எண்ணெய் தடவி, தாரை வழித்து, பன்றிக்கொழுப்பில் வீட்டிலேயே காய்ச்சிய சோப்பைப் போட்டு, மூன்று மணிநேரத்தில் நாயை நாயாகத் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த அறைச் சாவி அவள் கழுத்துக் கயிற்றில்தான்.

தெருவில் உள்ள நாய்களெல்லாம் அவளிடம் வரும். முட்டை, பாலாடைக்கட்டி, பிளம் ஜாம் என்று யாரால் என்ன முடியுமோ கொடுப்பார்கள். அவள் அதற்காகச் செய்யவில்லை. காலையில் எழுந்து போய் நிற்க ஓர் இடம். அவ்வளவுதான் வேண்டும் அவளுக்கு.

அவள் பெயர் வாங்கியது சோப்பால் அல்ல, காற்றால். எங்கள் ஊரில் ஒருவன் பாம்புக்குப் பயப்படாமல் இருக்கலாம், பெண்டாட்டிக்குப் பயப்படாமல் இருக்கலாம், ப்ரோமாயாவுக்குப் பயப்படாமல் இருக்க முடியாது. எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னலைத் திறந்தால் நடுவில் ஒரு காற்று ஓடுமே, அதுதான் ப்ரோமாயா. ஈரத்தலையோடு அதில் நின்றால் வாய் கோணும், காது போகும், கழுத்து பிடிக்கும், மூளைக்கும் ஏறும். நான் இதை நம்புகிறவள். இப்போதும் நம்புகிறேன். பஸ்ஸில் யாராவது இரண்டாவது ஜன்னலைத் திறந்தால் முதலில் கத்துவது நான்தான்.

அதனால் ஸ்பாசாக்கா குளிப்பாட்டுவதற்கு முன்பே எல்லா ஜன்னலையும் அடைத்துவிடுவாள். குளித்து முடித்த நாயை ஓட்டல் துண்டில் குழந்தை மாதிரி சுற்றி, காது இரண்டும் மூடும்படி தலையில் பூப்போட்ட ஸ்கார்ஃப் கட்டி, பெஞ்சில் உட்கார வைப்பாள். எலும்பு வரைக்கும் காய வேண்டும். ஒரு மணிநேரம்.

"உக்காருங்க சார். ரூம் இன்னும் ரெடியாகல. அசையாதீங்க. மேடம், நீங்களும்தான்."

நாய்கள் உட்கார்ந்திருக்கும். வரிசையாக, ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வந்த கிழவிகள் மாதிரி. அவிழ்த்துவிட்டதும் பார்க்க வேண்டும். வாலை உள்ளே இழுத்துக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, கண் வெளியே வந்துவிடும்போல முற்றத்தைச் சுற்றும். அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரிந்ததில்லை. "சாருக்கு சந்தோஷம்" என்பாள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. முற்றத்தில் நாங்கள் 'அய்வர்' என்கிற தொக்குக்காக மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தோம். நீளமான சிவப்புக் குடைமிளகாயை மூட்டை மூட்டையாக இரும்புத் தகட்டில் சுட்டு, கருகிய தோலை உரித்து, கிளறி, குளிர்காலத்துக்கு ஜாடியில் அடைப்பது. கட்டடம் முழுக்க ஒரே புகை. உரித்த தோல் எனக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மலையாகக் குவிந்திருந்தது.

துவைக்கும் அறையின் கதவு திறந்தது. மெதோ வெளியே வந்தான்.

மெதோ என்றால் கரடி. ஆளும் அப்படித்தான் இருப்பான். எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் கிராதிமிரின் நாய். கிராதிமிர் பாலங்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர், பெண்டாட்டி போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்த நாயைத் தவிர அவரோடு பேச வீட்டில் யாரும் இல்லை. அன்றைக்குத் தன் நாய்க்குக் கொழுப்பு சோப்பு வேண்டாம் என்று ரோஸ் கலரில் ஏதோ ஷாம்பூ வாங்கிக் கொடுத்திருந்தார். ஸ்ட்ராபெரி வாசம். மிளகாய்ப் புகையையும் தாண்டி மூக்கில் ஏறியது.

மெதோ முற்றத்தை ஏழு சுற்று சுற்றினான். நான் எண்ணினேன். கிராதிமிரின் தட்டைத் தட்டிவிட்டு, என் வாளியைக் கவிழ்த்து, என் கணவர் மேல் ஏறி இறங்கி, கடைசியில் அந்தத் தோல் குவியலில் போய் விழுந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரண்டான். எழுந்தபோது வெள்ளை நாய் சிவப்பாக இருந்தது. ஸ்கார்ஃப் ஒரு காதில் தொங்கியது.

"ரத்தம்!" என்று கத்தினார் கிராதிமிர்.

"மிளகாய்ங்க" என்றேன்.

"தலையை ஒரு பக்கமா சாய்க்கிறான் பாருங்க! இடது பக்கம்!" என்றவர் துவைக்கும் அறையைத் திரும்பிப் பார்த்தார். ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. "ப்ரோமாயா. என் புள்ளைக்குக் காத்து அடிச்சிருச்சு. மூளைக்கு ஏறிருச்சு."

ஸ்பாசாக்கா வாசலில் ஈரக் கையோடு நின்றாள். பிறகு உள்ளே போய் அந்த ஜன்னலை அடைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் இருந்தது. கிராதிமிர் ராத்திரியெல்லாம் விழித்து வரைந்திருக்க வேண்டும். துவைக்கும் அறையின் வரைபடம், அளவுகளோடு. ஜன்னலிலிருந்து ஓர் அம்பு கிளம்பி நாயின் இடது காது வழியாகப் போய்க் கதவில் வெளியேறியது. கீழே அழகான எழுத்தில்: ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். துவைக்கும் அறைச் சாவியைத் திரும்பப் பெறுவது குறித்து.

"நாய் நல்லா வந்திருக்கு. அம்பு கொஞ்சம் கோணல்" என்றார் போரிஷா.

கிராதிமிர் மெதோவை மிருக டாக்டரிடமும் கொண்டுபோனார். காதைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, நாய் நல்லாத்தான் இருக்கு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை நான் கேட்டபோது கிராதிமிருக்குக் கோபம்.

"அவன் என்ன டாக்டர்? அவன் ரூம்லயே ரெண்டு ஜன்னலும் தொறந்து கெடக்கு! நான் போட்டிருந்த தொப்பியக்கூட கழட்டாம ஓடி வந்துட்டேன்."

வெள்ளிக்கிழமை ஸ்பாசாக்கா வீட்டுக்குப் போனேன். ஓட்டல் துண்டுகள் எல்லாம் தேய்த்து மடித்து மேஜைமேல் அடுக்கியிருந்தன. அடுக்கின் உச்சியில் கயிற்றோடு சாவி.

"என்ன இது?"

"மொதல்ல காப்பி குடி."

ஒரு ஸ்பூன் ஜாம், ஒரு டம்ளர் தண்ணீர், அப்புறம் காப்பி வந்தது. குடித்தேன்.

"ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு யாகொதா" என்று என் பெயரைச் சொல்லித் தொடங்கினாள். "உங்க மிளகாய்ப் பொகை உள்ள வந்துச்சு. அந்த சாருக்கு இருமல். எனக்கும் கண்ணு எரிஞ்சுது. ஒரு நிமிஷம்னு தொறந்தேன். அப்ப பாத்து கதவையும் தொறந்துட்டேன். நாலு வருஷமா ஒரு நாய்க்கு ஒரு தும்மல் வந்ததில்ல. ஒரே நிமிஷம். அந்த மனுஷனுக்கு அந்த நாய விட்டா யாரு இருக்கா? ஓட்டுப் போட்டுப் புடுங்கற வரைக்கும் நான் எதுக்கு உக்காந்திருக்கணும்? நானே குடுத்துடறேன்."

"குடுத்துட்டு?"

"குடுத்துட்டு என்ன. சீரியல் பாக்கறேன்."

அவள் வீட்டில் டிவி இருக்கிறது, ஆனால் அதன்மேல் ஒரு விரிப்பு, விரிப்பின் மேல் ஒரு ஜாடி, ஜாடியில் காய்ந்த பூ. அந்த டிவி ஓடி நான் பார்த்ததில்லை. காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். நானும் அவள் சொன்னதை நம்பினேன். ஜன்னல் திறந்திருந்தது, கதவு திறந்திருந்தது, நடுவில் ஈர நாய். வேறென்ன?

எரிச்சலாக இருந்தது. எரிச்சல் வந்தால் நான் எதையாவது கழுவுவேன். பாத்திரமெல்லாம் கழுவியாகிவிட்டது, தரை ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. பூபாதான் மிச்சம். பூபா எங்கள் நாய், ஒரு செருப்பு அளவு. அது வந்த நாளிலிருந்தே நானே குளிப்பாட்டிப் பழக்கம் என்பதால் ஸ்பாசாக்காவிடம் அனுப்புவதில்லை. குளியலறையில் போட்டு, கதவைச் சாத்தி, தேய்த்து, துண்டில் அழுத்திப் பிடித்துத் துடைத்தேன். கதவைத் திறந்தேன். பூபா கூடத்தில் கம்பளம் ஒன்று, சோபா இரண்டு, போரிஷாவின் மடி மூன்று என்று ஒரு ரவுண்டு அடித்து, முகத்தைக் கம்பளத்தில் தேய்த்துக்கொண்டே சறுக்கி, மறுபடி ஓடியது.

"ஒனக்கும் காத்து அடிச்சிருச்சாடி?" என்றார் போரிஷா பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

நான் ஈரக் கையோடு அப்படியே நின்றேன். திரும்பிப் போய்க் குளியலறையைப் பார்த்தேன். நாலு சுவர். எங்கள் கட்டடத்தில் எந்தக் குளியலறைக்கும் ஜன்னல் கிடையாது.

பதினோரு வருஷமாக அந்த நாயைக் குளிப்பாட்டுகிறேன். பதினோரு வருஷமாக அது இப்படித்தான் ஓடுகிறது. வேண்டாம் வேண்டாம் என்கிறதை அமுக்கிப் பிடித்து, தண்ணீர் ஊற்றி, அதன் வாசத்தை எடுத்துவிட்டு நமக்குப் பிடித்த வாசத்தைப் பூசி, அசையாதே என்று மிரட்டி வைத்திருக்கிறோம். விட்டால் ஓடாதா? என் மாமியார் மூன்று வாரம் தங்கிவிட்டு ரயிலேறின அன்றைக்கு நான் ஸ்டேஷனிலிருந்து வீடுவரைக்கும் எப்படி வந்தேன் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முதல்மாடிப் படிக்கட்டில், கிராதிமிர் வீட்டு வாசலில். வீட்டிலிருந்து ஆளுக்கொரு நாற்காலி. கிராதிமிர் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார், காலடியில் மெதோ, இன்னும் கருகின மிளகாய் நாற்றத்தோடு. இன்னொரு முறை குளிப்பாட்ட அவருக்குப் பயம். ஸ்பாசாக்கா துண்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"கிராதிமிர், கூட்டமெல்லாம் வேணாம்" என்று அடுக்கின் உச்சியிலிருந்த சாவியை எடுத்து நீட்டப் போனாள்.

"இரு, அக்கா" என்றேன். "தலைவரே, ஒரு சந்தேகம். நீங்கதான் வரைபடத்துல கெட்டிக்காரராச்சே. உங்க வீட்டு பாத்ரூம ஒரு படம் போட்டுக் காட்டுங்க."

"எதுக்கு?"

"போடுங்க."

போட்டார். கையைக் கட்டினாலும் அந்த மனுஷனால் வரையாமல் இருக்க முடியாது. தொட்டி, குழாய், கதவு.

"இப்ப அம்பு போடுங்க. காத்து எங்கேர்ந்து வருது?"

பென்சில் நின்றது. "மேல காத்துக் குழாய் இருக்கு" என்றார்.

"அதுல பொறா கூடு கட்டி அடைச்சு எத்தனை வருஷமாச்சு? நீங்கதான மனு எழுதினீங்க."

யாரோ சிரித்தார்கள். நான் பூபா கதையைச் சொன்னேன். தபால்காரி தன் நாயும் வீட்டில் குளித்தால் அப்படித்தான் என்றாள். நாலாம் மாடிக்காரர் தன் நாய் ஒருதரம் குளித்த வேகத்தில் அலமாரிக்குள் புகுந்ததைச் சொன்னார். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாய்க்கதை இருந்தது, இத்தனை நாள் ஒருவரும் அதைக் காற்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் வாய்ப்பேச்சு" என்றார் கிராதிமிர். "நிரூபிக்கணும்."

"ஆள் இங்கதான நாறிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றார் போரிஷா. "குளிப்பாட்டுங்க."

கிராதிமிர் மெதோவைப் பார்த்தார். மெதோ வேறு பக்கம் பார்த்தான். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் கூடத்திலும் படிக்கட்டிலுமாக நின்றோம். ஸ்பாசாக்கா கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கையைக் கோர்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை சும்மா இருக்கத் தெரியாத கை. உள்ளே தண்ணீர் சத்தம், ஏதோ விழுகிற சத்தம்.

"அந்த ரோஸ் தண்ணியப் போடாத கிராதிமிர்!" என்று கத்தினாள். "என் சோப்பு துண்டுக்குள்ள இருக்கு, கதவைத் தொற, தரேன்!"

ஒரு கை வெளியே வந்து சோப்பை வாங்கிக்கொண்டு போனது.

"காதுல தண்ணி படாம மேல்லேர்ந்து ஊத்து. சார், கொஞ்சம் பொறுத்துக்கங்க சார், இவனுக்குப் பழக்கமில்ல."

இருபது நிமிஷம் ஆனது. கதவு திறந்தது.

ஜன்னல் இல்லாத அறையிலிருந்து, பொட்டுக் காற்று இல்லாத அறையிலிருந்து, மெதோ குண்டு மாதிரி வந்தான். கூடத்தை ஒரு சுற்று, சோபாவுக்கு மேல் ஒரு சுற்று, அப்புறம் படிக்கட்டு. நாலு மாடியும் ஏறினான், நாலு மாடியும் இறங்கினான். எல்லோரும் கூட்டத்துக்கு வந்திருந்ததால் எல்லா வீடும் திறந்து கிடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து கம்பளத்தில் முகத்தைத் தேய்த்துவிட்டு வந்தான். பூபாவும் சேர்ந்துகொண்டது. தபால்காரி சுவரோடு ஒட்டிக்கொண்டு சிரித்தாள். ஸ்பாசாக்கா எழுந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், மெதுவாக மறுபடி உட்கார்ந்து, "என் ஜன்னலால இல்ல" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. "என் ஜன்னலால இல்லையே."

கிராதிமிர் வெளியே வந்தார். தலையிலிருந்து காலுறை வரைக்கும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். ஓடுகிற நாயைப் பார்த்தார். அது மேலே போகும்போது மேலே பார்த்தார், கீழே வரும்போது கீழே பார்த்தார். அவர் வாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. அந்த மனுஷருக்குப் பல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"நல்லாத்தான் இருக்கான்" என்றார். "கழுதை, நல்லாத்தான் இருக்கான்!"

அந்த நேரம் பார்த்து மெதோ கீழே வாசல்கதவில் போய் மோதினான். அது திறந்துகொண்டது. நாலாம் மாடியில் யாரோ படிக்கட்டு ஜன்னலை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார்கள். கட்டடத்தின் அடியிலிருந்து உச்சிவரைக்கும் ஜில்லென்று ஒரு காற்று ஏறியது. அறிவிப்புப் பலகையில் இருந்த படம் பிய்த்துக்கொண்டு பறந்தது.

"ப்ரோமாயா!" என்று நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினோம். "கதவைச் சாத்து! தலைவர் தலை ஈரமா இருக்கு!"

ஸ்பாசாக்கா ஒரே தாவில் கிராதிமிரிடம் போனாள். தன் தலையிலிருந்த பூப்போட்ட ஸ்கார்ஃபை உருவி அவர் தலையில் போட்டு, காது இரண்டையும் மூடி, தாடைக்குக் கீழே இறுக்கி ஒரு முடிச்சு. தோளில் ஓட்டல் துண்டைச் சுற்றி, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவரை அமுக்கினாள்.

"உக்காருங்க சார். காயற வரைக்கும் அசையாதீங்க."

உட்கார்ந்தார். ஒரு மணிநேரம் அசையவில்லை. கூட்டக் குறிப்பை அந்த ஸ்கார்ஃபோடுதான் எழுதினார்: சாவி ஸ்பாசெனியாவிடமே இருக்கும். ஒரே நேரத்தில் ஒரு ஜன்னல் மட்டும். மிளகாய் சுடும் நாளில் நாய் கிடையாது. நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

இப்போது ஸ்பாசாக்கா நாய்களைப் பெஞ்சில் உட்கார வைப்பதில்லை. ஒரு துடை துடைத்து, வெளிக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்து, முற்றத்தில் விட்டுவிடுகிறாள். தன் தலையில்தான் இரண்டு சுற்றாகக் கட்டிக்கொள்கிறாள். ஜன்னல் வேண்டுமானால் ஒன்றே ஒன்று, அதுவும் பாதி. நானும் பூபாவை அவளிடமே அனுப்புகிறேன், என் கம்பளமாவது தப்பிக்கட்டும்.

ஒரு வாரம் கழித்து கிராதிமிர் ஸ்கார்ஃபைத் திருப்பிக் கொண்டுவந்தார். நான் துவைக்கும் அறையில்தான் ஜாடி கழுவிக்கொண்டிருந்தேன். துவைத்து, தேய்த்து, நாலாக மடித்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார். ஸ்பாசாக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். இருபத்தேழு வருஷம் தேய்த்தவள் பார்க்கிற பார்வை. கிராதிமிர் பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி நின்றார்.

"மூலை சரியா வரல" என்றாள்.

"இஸ்திரிப் பெட்டி பழசு" என்றார் அவர்.

பழைய ஸ்கார்ஃபை அவிழ்த்துவிட்டு, அந்த மூலை சரியாக வராத ஸ்கார்ஃபைத் தலையில் கட்டிக்கொண்டு, மெதோவுக்குத் தண்ணீர் சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கப் போனாள்.